பருவ இறுதி நாளில் கபடி

எங்கள் திருப்பரங்குன்றம் பக்கம் ஆண்கள் பள்ளிகளில் தேர்வு முடிந்த கடைசி நாளில் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் கிரிக்கெட்தான். அதில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தவன் பிறகு மட்டையைத் தொட முடியாது.

கபடியின் விதி வேறு. களத்தில் அணிக்கு 7 பேர். எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் நம்மவர் ஒருவர் உள்ளே திரும்பலாம். போனஸ் புள்ளிக்கு மட்டும் இது பொருந்தாது. திரும்புபவர் யார்? முதலில் வெளியேறியவர். ஆக, சட்டென்று பிடிபடும் நோஞ்சான் பையனுக்குத்தான் முதல் அழைப்பு!

பையன்களோ நன்றாகப் பாடுபவனை முந்தி இழுத்துக்கொள்வார்கள். நடுவராக நிற்கும் நாமும் கவனிப்பதில்லை. வெளியே உட்காரும் இடத்தில் சுண்ணாம்பால் 1 முதல் 6 வரை எழுதி வரிசையாக அமர்த்துங்கள். ஏழாமவரும் வெளியேறினால் லோனா. எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி, எழுவரும் மீண்டும் களத்தில்.