மடங்கு விளிம்பு (பனிக்கலப்பை)

மடங்கு விளிம்பு என்பது, சாலையில் குவியும் வெண்பனியை அகற்றுவதற்காகச் சரக்குந்துகளின் முன்புறம் பொருத்தப்படும் பனிக்கலப்பையில் உள்ள ஒரு பாதுகாப்பு அமைப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது 'டிரிப் எட்ஜ்' எனப்படுகிறது. கலப்பையின் அடிப்பகுதி ஒரு தடையில் மோதும்போது, அப்பகுதி மட்டும் பின்னோக்கி மடங்குகிறது. தடையைக் கடந்ததும் சுருள்வில்லின் விசையால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அமெரிக்கா, கனடா போன்ற குளிர்நாடுகளில் இவ்வகைக் கலப்பைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

தேவை

பனி மூடிய சாலையில் ஆள்நுழைகுழி மூடிகள், ஓரக்கற்கள், பாலங்களின் இணைப்புத் தகடுகள், உறைந்து இறுகிய பனிக்கட்டிகள் ஆகியவை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 4 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 35 கிலோ ஜூல் ஆகும். மடங்காத கலப்பை அசையாத தடையில் மோதி, வண்டி 10 செ.மீ. தொலைவுக்குள் நின்றுவிட்டால், சராசரியாக 350 கிலோ நியூட்டன் விசை தோன்றும். இது ஏறத்தாழ 35 டன் எடைக்குச் சமம். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் 4 மடங்காகும். இத்தகைய மோதலில் வண்டியின் சட்டகம் வளையலாம், ஓட்டுநருக்குக் கழுத்திலும் மார்பிலும் காயம் ஏற்படலாம், சாலையும் சேதமடையலாம்.

அமைப்பு

கலப்பையின் வளைந்த பெரிய தகடு பனியை உருட்டி ஒருபுறம் தள்ளுகிறது. மடங்கு விளிம்புக் கலப்பையில் இத்தகடு அசையாமல் இருக்கும். அதன் அடியில் தனிப்பட்டை ஒன்று கீல் மூலம் இணைக்கப்பட்டிருக்கும். சாலையை உரசும் வெட்டு விளிம்பு இப்பட்டையில் திருகாணிகளால் பூட்டப்படுகிறது. பட்டையை நிமிர்த்திப் பிடிக்க முறுக்கு வில்கள் அல்லது அழுத்த வில்கள் பயன்படுகின்றன. நெடுஞ்சாலைகளுக்கான அகலமான கலப்பைகளில் பட்டை பல துண்டுகளாக இருப்பதுண்டு. அப்போது மோதிய துண்டு மட்டுமே மடங்கும். மற்றவை பனியைத் தொடர்ந்து வழிக்கும்.

செயல்படும் விதம்

வெட்டு விளிம்பின் முனை கீலைவிடச் சற்று முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். தடை அதைப் பின்னுக்குத் தள்ளும்போது, முனை முதலில் கீலுக்கு நேர் கீழே வருகிறது. அந்தக் கணத்தில் கலப்பை சிறிதளவு மேலே எழும்ப வேண்டும். இதனால்தான் பனி தள்ளும்போது கலப்பை மேலும் கீழும் தடையின்றி அசையும் மிதவை நிலையில் வைக்கப்படுகிறது. பின்னர் முனை பின்புறமாக மேலேறித் தடையின்மீது வழுக்கிச் செல்கிறது. மோதலின் ஒரு பகுதி ஆற்றல் வில்லில் சேமிக்கப்படுகிறது. அதுவே பட்டையை மீண்டும் முன்னே கொண்டுவருகிறது.

முழுத்தகடு மடங்கும் வகையுடன் ஒப்பீடு

மற்றொரு வகையில் தகடு முழுவதுமே முன்புறமாகச் சாய்கிறது. அப்போது தள்ளிவந்த பனி தகட்டின் மேலாகச் சிந்திவிடக்கூடும். பனியைக் குவியலாக ஏற்றும்போது அதன் எதிர்ப்பினாலேயே தகடு சாய்ந்துவிடுவதும் உண்டு. மடங்கு விளிம்பு வகையில் பெரிய தகடு நிமிர்ந்தே நிற்பதால் இச்சிக்கல் குறைவு.

ஆனால், கீலைவிட உயரமான தடை நேராக அசையாத தகட்டில் மோதும். அங்கே மடங்கு விளிம்பு உதவாது. அத்தகைய தடைகளுக்கு முழுத்தகடு மடங்கும் வகையே ஏற்றது. பின்னோக்கி ஓட்டிப் பனியை இழுக்கும்போது இரண்டு வகைகளும் பாதுகாப்பு அளிப்பதில்லை. பட்டை முன்பக்கமாகத் திறக்காதவாறு தடுப்பான் இருப்பதே காரணம்.

பராமரிப்பு

வில் மிகவும் தளர்ந்திருந்தால், இறுகிய பனியிலேயே விளிம்பு மடங்கிவிடும். சாலையில் எஞ்சும் மெல்லிய படலம் வழுக்கும் பனிக்கட்டியாக உறைந்து விபத்துக்கு வழிவகுக்கும். வில் மிக இறுக்கமாக இருந்தாலோ, கீல் துருப்பிடித்து இறுகிவிட்டாலோ, மடங்க வேண்டிய நேரத்தில் மடங்காது. சாலையில் தூவப்படும் உப்பு துருப்பிடித்தலை விரைவுபடுத்துவதால், கீலுக்கு மசகு இடுவது இன்றியமையாதது. வில்லில் எப்போதும் விசை தேங்கியிருப்பதால், உரிய கருவியின்றி அதைக் கழற்றுவது ஆபத்தானது. மடங்கு விளிம்பு மோதலின் கடுமையைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது. ஆகவே குறைந்த வேகமும் இருக்கைப் பட்டையும் எப்போதும் தேவை.