பேச்சிலிருந்து பிறந்த இசை



இயந்திரத்தில் பிறக்கும் ஓசை இசையாகுமா என்று பலர் வினவுகின்றனர். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் என் பழைய மாணவர்களும் என்னிடம் இவ்வாறு கேட்பதுண்டு. அத்தகைய இசையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட கிளாரன்ஸ் பார்லோ என்பாரின் வரலாறு இதற்கு ஏற்ற விடையாகும்.

பார்லோ 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இளமையிலேயே பியானோ பயின்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்று 1965-இல் பட்டம் பெற்றார். 1968-இல் செருமனி நாட்டின் கொலோன் நகருக்குச் சென்றார். அந்நகர வானொலி நிலையத்தில் 1950-களின் தொடக்கத்திலேயே மின்னிசைக் கூடம் ஒன்று அமைந்திருந்தது. அதற்கு முன்பே, 1948-இல், பாரிசு வானொலியில் பியேர் ஷேஃபர் என்பவர் புகைவண்டி ஓசைகளைப் பதிவு செய்து இசையாகக் கோத்தளித்தார். எனவே, இப்புதிய இசைக்கு வானொலியே தாய்வீடு எனலாம். கொலோனில் ஷ்டொக்ஹவுசன் முதலிய ஆசிரியர்களிடம் பார்லோ பயின்றார். 1971 முதல் கணிப்பொறியையும் இசையாக்கத்திற்குத் துணைக்கொண்டார்.

அவருடைய முறைகளுள் ஒன்றை விளக்குகிறேன். அதற்கு நம் இலக்கணமே துணைபுரியும். வல்லினத்தில் மூச்சு தடைப்பட்டு வெடிக்கிறது. மெல்லினத்தில் வாய் அடைபட்டாலும் குரல் மூக்கின் வழியே தொடர்கிறது. இடையினத்திலும் உயிரிலும் குரல் தடையின்றி ஓடுகிறது. இவ்வாறு தொடரும் குரலில் ஓர் அடிப்படைச் சுரமும், அதன் மேல் அடுக்கடுக்கான நுண்சுரங்களும் கலந்துள்ளன. அந்நுண்சுரங்களின் வலிமை மாறுவதாலேயே 'ஆ' வேறாகவும் 'ஈ' வேறாகவும் கேட்கிறது.

கரைவலை இழுப்போரின் 'ஏலேலோ ஐலசா' என்னும் ஒலியை எண்ணிப் பாருங்கள். 'ஏலேலோ' என்பதில் வல்லினமே இல்லை. அதை மூச்சுள்ளவரை நீட்டலாம். 'சா' என்னும் வல்லினம் வரும்போது கைகள் கயிற்றை வெட்டி இழுக்கின்றன.

1980-களின் முற்பகுதியில் பார்லோ 'இம் யனுவார் அம் நீல்' என்னும் படைப்பை இயற்றினார். 'நைல் ஆற்றங்கரையில், ஜனவரியில்' என்பது அதன் பொருள். தலைப்பிலேயே வல்லின ஓசை இல்லாமை காண்க! அவ்வாறே நீளும் ஒலிகளால் மட்டும் அமைந்த செருமானிய வாக்கியங்களை அவர் புனைந்தார். அவற்றின் நுண்சுரங்களைப் பகுத்து அளந்தார். அவற்றை நரம்புக் கருவிகளுக்குப் பங்கிட்டளித்தார். கருவிகள் மொழி பேசுவதில்லை. எனினும் அவை இசைக்கும்போது பேச்சின் சாயல் செவியில் நிழலாடுகிறது.

பின்னர் செருமனியின் டார்ம்ஷ்டாட், ஒல்லாந்தின் ஹேக், அமெரிக்காவின் கலிபோர்னியா ஆகிய இடங்களில் ஆசிரியப் பணியாற்றிய பார்லோ, 2023-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் மறைந்தார்.

இயந்திரம் மனிதக் குரலை அகற்றிவிடும் என அஞ்சுவோருக்கு இவர் வாழ்க்கையே விடை. அக்குரலை இன்னும் கூர்ந்து கேட்கவே இவர் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். எங்கள் ஏரியில் இன்று விசைப்பொறியின் இரைச்சல் மிகுந்துவிட்டது. வலையிழுப்போர் குரல் அருகி வருகிறது. அக்குரலைப் பதிவு செய்யும் கருவியோ இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. முதியோர் உள்ளபோதே அவர் குரலைப் பதிந்து வையுங்கள். அதை இசையாக்க வல்லவர் நாளை எந்தக் குப்பத்திலும் பிறக்கலாம்.