மருந்தில்லாத நோய்க்குத் துணை



எங்கள் சிவகாசிப் பகுதியில் ‘மருந்து’ என்றால், நோய் தீர்க்கும் மருந்துக்கு முன்னே பட்டாசில் இடும் வெடிமருந்தே நினைவுக்கு வரும். அதனைக் கையாள்வோர் முதலிற் கற்கும் பாடம் ஒன்று உண்டு. வெடிமருந்தோடு வாதாடிப் பயனில்லை. உராய்வும் பொறியும் வெப்பமும் அதனை அணுகாமற் காப்பதே அறிவுடைமை. இந்தப் பாடத்தை ஒரு நோயின் வாயிலாக நான் காலந்தாழ்த்திக் கற்றேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

என் நண்பர் ஒருவர் அச்சகத்தில் கணக்கராக இருந்தார். சொல்லில் அடக்கமும் செயலில் ஒழுங்கும் உடையவர். 55 வயதை ஒட்டி அவர் போக்கு மாறத் தொடங்கியது. துக்க வீட்டில் உரக்கச் சிரித்தார். கடையில் காசு கொடாமலே பால்கோவாவை எடுத்து உண்டார். மனைவி காய்ச்சலில் கிடந்தபோது, ஏனென்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் நினைவோ குன்றவில்லை. பழைய கணக்குகளைப் பிழையின்றிச் சொன்னார். ஆகவே நோய் என்னும் எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. ஆணவம் என்று முடிவு கட்டினேன். நாற்பதாண்டுகள் பிள்ளைகளைக் கண்டித்துப் பழகிய நாவால், பலர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் மனைவியிடமும், “கண்டிப்பாக இருங்கள்” என்று அறிவுரை சொன்னேன். அந்த அம்மையார் கண் கலங்கி, “அண்ணாச்சி, அவுக வேணுமின்னு செய்யல” என்றார். அவர் சொன்னதே உண்மை என்பது ஈராண்டு கழிந்து, மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அந்நோய்க்கு ஃபிரண்டோ டெம்போரல் டிமென்சியா என்று பெயர். நெற்றிக்குப் பின்னுள்ள நெற்றி மடலும், காதுகளை ஒட்டிய பொட்டு மடலும் சிறிது சிறிதாகச் சிதைந்து சுருங்குவதே இது. பிராகு நகரத்து மருத்துவர் ஆர்னால்டு பிக் என்பவர் 1892ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் இது தொடங்குகிறது. ஆல்சைமர் நோயில் முதலில் நினைவு தேய்கிறது. இதிலோ சிலருக்கு நடத்தையும், சிலருக்கு மொழியும் முதலில் தேய்கின்றன.

மூளையின் ஒரு பகுதி கெட்டால் குணமே மாறுமா என்று நீங்கள் வினவலாம். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை வேலை நடந்தது. பாறையில் வெடிமருந்து கெட்டித்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் இரும்புக் கோல், வெடிப்பில் சீறி எழுந்து அவர் கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் நண்பர்கள் அறிந்த பழைய கேஜ் அவர் அல்லர் என்று மருத்துவர் குறித்து வைத்தார். பொறுமைக்கும் நாணத்திற்கும் பிறர் துன்பம் உணர்தற்கும் நெற்றி மடலின் துணை வேண்டும் என்பதை உலகம் உணர இந்நிகழ்ச்சியும் ஒரு வழி ஆயிற்று.

இந்நோயைக் குணப்படுத்தவோ, அதன் போக்கைத் தடுக்கவோ வல்ல மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆல்சைமர் நோய்க்கு வழங்கும் சில மாத்திரைகள் இதற்குப் பயன்படுவதில்லை. சிலருக்குக் குழப்பத்தை மிகுவிப்பதும் உண்டு. சில தொல்லைகளைத் தணிக்க மருத்துவர் மருந்து தரலாம். எனினும் அன்றாட வாழ்வைத் தாங்குவது பேணும் முறையே.

அம்முறையின் முதற்படி, காரணம் தேடுதல். ஒரு தொல்லை எழுந்தால், அதற்கு முன் என்ன நடந்தது, அப்போது அவர் என்ன செய்தார், பின்னர் என்ன விளைந்தது என்னும் மூன்றையும் ஒரு சுவடியில் குறித்துவர வேண்டும். பசியா, வலியா, மலச்சிக்கலா, கூட்டத்தின் இரைச்சலா என்பது அதனால் புலப்படும். நண்பரின் மனைவி குறித்துப் பார்த்ததில், அவர் சினம் கொண்டதெல்லாம் மாலையில் விருந்தினர் பலர் ஒருங்கே பேசிய வேளைகளில்தான் என்று தெரிந்தது. ஒருவர் ஒருவராக வரச் சொன்னார், சினம் தணிந்தது.

இரண்டாவது, மனிதரைத் திருத்த முயலாது சூழலைத் திருத்துதல். இனிப்பை அலமாரியில் பூட்டி, வாழைப்பழத்தை அளவோடு எதிரில் வைத்தார். பழகிய கடைக்காரரிடம் நிலைமையைச் சொல்லி, மாதக் கணக்கு ஏற்படுத்தினார். பணப்பெட்டியின் சாவியும் வண்டியின் சாவியும் கைமாறின. தீப்பெட்டியும் பட்டாசும் மலிந்த ஊர் ஆதலால், அவற்றை வீட்டிலிருந்தே அகற்றினார். வாதம் செய்வதை அறவே விட்டார். காரணம் உணரும் உறுப்பே பழுதுற்றபின் காரணம் சொல்லி வெல்வது எங்ஙனம்?

மூன்றாவது, எஞ்சிய திறமைக்கு ஏற்ற பணி தருதல். அச்சகத்தில் கழித்த நாட்காட்டித் தாள்களை வாங்கிவந்து, நூறு நூறாக எண்ணிக் கட்டச் சொன்னார். நண்பர் நாள்தோறும் காலையில் அதைச் செய்தார். அக்கட்டுகளால் யாருக்கும் பயனில்லை; ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் அமைதி நிலவியது. குறித்த நேரத்தில் உணவும், குறித்த வழியில் நடையும் அவ்வாறே உதவின. பேச்சுக் குறைந்தோர்க்குச் சிறு வாக்கியங்களும் படங்களும் துணையாகும்.

இனி, பேணுவோரைப் பேணுவது யார்? ஆல்சைமர் நோயாளரைப் பேணுவோரினும் இவர்களுக்குச் சுமை மிகுதி என்று ஆய்வுகள் பல காட்டுகின்றன. கணவர் உயிரோடிருக்க, அவரது அன்பு மட்டும் மறைந்துபோகிறது. ஊரார் பழி வேறு. அந்த அம்மையார்க்கு உறக்கம் போயிற்று, உடல் மெலிந்தது. வாரத்தில் இரண்டு பிற்பகல் நான் நண்பரோடு அமர்ந்திருக்க, அவர் தம் தங்கை வீட்டுக்குச் சென்று வரலானார். நான் செய்த பிழைக்கு நானே விதித்துக்கொண்ட கழுவாய் அது. ஓய்வு என்பது பேணுவோர்க்கு ஆடம்பரம் அன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வெளித்துணையும் உண்டு. முதுமை மறதி நோயாளர் குடும்பங்களுக்கெனக் கேரளத்தில் 1992இல் ஒரு சங்கம் தோன்றி, நாட்டின் பல நகரங்களில் கிளை பரப்பியது. சென்னையில் 1984இல் நிறுவப்பெற்ற ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோயாளர்க்கும் பணி செய்கிறது. மன வேதனையுற்றோர் 14416 என்னும் எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ ஆலோசகர்களோடு இலவசமாகப் பேசலாம். இந்த ஏற்பாடு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது.

மாணவ நண்பர்களே, நடுவயதினர் ஒருவரின் குணம் காரணமின்றி மாறக் கண்டால், பழிக்குமுன் மருத்துவரை நினையுங்கள். அப்படியொருவர் உங்கள் தெருவில் இருந்தால், ஏளனம் செய்யாதீர்கள். அவரோடு ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள். அந்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் யாரோ ஒருவர் கண்ணயரக்கூடும்.

என் நண்பர் இப்போது அதிகம் பேசுவதில்லை. நேற்று நான் சென்றபோது, எண்ணி முடித்த தாள் கட்டு ஒன்றை என் கையில் வைத்தார். நான் எண்ணிப் பார்த்தேன். சரியாக நூறு இருந்தது.