குடல் அடைப்பு: கீறுவதா, துளை போடுவதா?

பிறந்த குழந்தை பால் குடிக்கிறது. கொஞ்சம் கக்குகிறது. வெள்ளையாகக் கக்கினால் பெரும்பாலும் பயமில்லை. பச்சையாக வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தப் பச்சை எது? கல்லீரலில் ஊறும் பித்த நீர். அது குடலில் இறங்கிக் கீழே போக வேண்டும். வழி அடைபட்டிருந்தால் மேலே திரும்பி வரும்.

பிறந்த குழந்தையின் சிறுகுடல் ஏறக்குறைய 8 அடி நீளம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே சில குழந்தைகளுக்கு அதில் ஓரிடம் மூடிவிடுகிறது. சிலருக்குக் குறுக்கே ஒரு சவ்வு நிற்கும். சிலருக்குக் குடல் இரண்டாகவே பிரிந்திருக்கும். இது கிரகணத்தால் வந்தது அல்ல. தாய் பப்பாளி தின்றதால் வந்ததும் அல்ல. மருமகளைத் திட்டிப் பயனில்லை.

வயிறு உப்பலாம். ஒரு நாள் கடந்தும் காட்டுப்பீ போகாமல் இருக்கலாம். ஆனால் காட்டுப்பீ போன குழந்தைக்கும் அடைப்பு இருப்பது உண்டு. ஆகவே பச்சை வாந்திதான் முக்கியம். விளக்கெண்ணெய், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். அடைத்த குழாயில் மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? மேலே பொங்கி வரும். மூச்சுக் குழாய்க்குள்ளும் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வார்கள். ஊசி வழியாகக் குளுக்கோஸ் நீர் ஏற்றுவார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள். இரைப்பைக்கு அடுத்த குடலில் அடைப்பு என்றால், படத்தில் இரண்டு காற்றுக் குமிழிகள் தெரியும்.

பிறகு ஆபரேஷன். அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, வயிற்றைக் கீறித் திறப்பது. இது பழைய வழி. டாக்டர் குடலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அடைப்புக்கு மேலே குடல் பலூன் போல வீங்கியிருக்கும். கீழே பென்சில் கனம்கூட இருக்காது. இரண்டையும் சேர்த்துத் தைப்பார்.

மற்றொன்று, துளை போட்டுச் செய்வது. தொப்புளில் ஒரு துளை. அதன் வழியே சிறு கேமரா போகும். இன்னும் இரண்டு, மூன்று துளைகளில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள கருவிகள் போகும். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். டாக்டர் டி.வி. திரையைப் பார்த்துத் தைப்பார். உள்ளே நடக்கும் தையல் வேலை ஒன்றுதான்.

இரைப்பைக்கு அடுத்த குடலின் அடைப்பை இப்படிச் சரிசெய்ததை 2001-இல் நெதர்லாந்து டாக்டர்கள் எழுதி வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பல குழந்தைகளுக்குத் தையல் கசிந்தது. அதனால் அவர்களே சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள். பிறகு முறையைத் திருத்தி மறுபடி தொடங்கினார்கள். கை பழகிய டாக்டர் செய்தால் தழும்பு சிறிது. வலியும் குறையலாம். ஆனால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

எல்லாக் குழந்தைக்கும் துளை வழி பொருந்தாது. எடை மிகக் குறைந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, வயிறு அதிகம் உப்பிய குழந்தை என்றால் திறந்து செய்வதே வழக்கம். குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். அப்போது உடனே திறப்பார்கள்.

துளை ஆபரேஷன் எங்கே செய்வார்கள் என்று ஊர் ஊராக அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரும், மயக்க மருந்து டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரிதான் வேண்டும். வழியைத் தழும்பு தீர்மானிக்கக் கூடாது.

2011 முதல் நாடு முழுவதும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் நடக்கிறது. அதன்படி நோயுற்ற பச்சைக் குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம். போகும் வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பால் கொடுக்க மாட்டார்கள். மூக்குக் குழாயில் வரும் பச்சை நீர் குறைய வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். அதுவரை தாய் பாலைப் பீய்ச்சி எடுத்துவர வேண்டும். இல்லாவிட்டால் பால் வற்றிவிடும். முதலில் சில மில்லி பால்தான் கொடுப்பார்கள்.