ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை

கட்டம் கீறியாயிற்று, சில்லும் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான்கு வயதுத் தம்பி "நானும் வருவேன்" என்று வந்து நிற்கிறான். சேர்த்தால் ஆட்டம் கெடும். விரட்டினால் அம்மாவிடம் புகார் போகும். மைசூரு அக்ரஹாரத்துச் சந்துகளில் கன்னடப் பிள்ளைகளிடம் இதற்கு விடை தயார்: 'ஆட்டக்குண்டு, லெக்கக்கில்ல'. ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது 'ஒப்புக்குச் சப்பாணி'. தம்பி கோட்டை மிதித்தாலும் அவுட் கிடையாது.

இந்தச் சலுகைக்குப் பின்னால் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, பிள்ளைகளிடம் கோலி ஆட்டத்தின் விதிகளைக் கேட்டு ஆராய்ந்து 1932-இல் நூலாக வெளியிட்டார். சின்னஞ்சிறுசுகள் கூடி ஆடினாலும் ஆளுக்கொரு விதியில் ஆடுவார்கள், எல்லோருமே ஜெயிக்கலாம். ஏழெட்டு வயதில்தான் பொது விதி தேவைப்படுகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியையே மாற்றலாம் என்பது இன்னும் சில ஆண்டுகள் கழித்தே பிடிபடும். ஒப்புக்குச் சப்பாணி, ஆளுக்கொரு விதியில் ஆடும் வயதையும் பொது விதி தேவைப்படும் வயதையும் ஒரே கட்டத்துக்குள் ஆடவிடும் ஏற்பாடு.

ஆனால் தெருவில் அக்கா அண்ணன்கள் இருக்கிறார்கள். ஒத்த வயதுப் பிள்ளைகள் மட்டும் கூடுமிடத்தில்? 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் முதல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, மைசூரு மாவட்டத்து டி.நரசிபுராவும் அவற்றில் ஒன்று. அந்தத் திட்டத்தின் அங்கன்வாடியில் ஒரு பொம்மைக்கு இரண்டு கைகள் நீண்டால், விதி சொல்லித்தர மூத்த பிள்ளை இல்லை.

அந்தச் சிக்கலைத்தான் 1970-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உளவியலாளர்கள் மர்னா ஷூரும் ஜார்ஜ் ஸ்பிவாக்கும் நான்கு வயதினரிடம் கேள்வியாகக் கேட்டார்கள்: ஒரு பிள்ளையின் கையில் இருக்கும் பொம்மை இன்னொரு பிள்ளைக்கு வேண்டும், அது என்ன செய்யலாம்? கேட்கலாம், பிடுங்கலாம், தன்னுடையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் எதுவானாலும் எண்ணிக்கையில் சேர்ந்தது. அதிக வழிகள் சொன்ன பிள்ளைகளிடம் ஆத்திரமும் குறைவு, ஒதுங்கிப் போவதும் குறைவு. புத்திக்கூர்மையைத் தனியாகக் கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு நின்றது.

எனவே பிள்ளைகள் 'காய்' விட்டுக்கொண்டு வந்தால் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "சரி, வேறென்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பிடுங்குவது ஒரு வழிதான். இரண்டாவது வழி வாயில் வரும்போதே பாதிச் சண்டை ஓய்ந்திருக்கும். 'பழம்' விடுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.