பல பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்கள்

கொட்டாஞ்சேனையிலுள்ள போன்ஜீன் வீதி, 1886இல் கொழும்பின் முதலாவது பேராயரான கிறிஸ்தோபர் ஏர்னெஸ்ட் போன்ஜீன் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தாங்கியுள்ளது. அப்பெயரின் தொடக்கத்தில் ஒலிக்கும் "போன்" பிரெஞ்சில் தனிச்சொல்லாகவும் வரும்.

அன் போன் லீவ்ர் - நல்ல புத்தகம்
லு போன் நியூமெரோ - சரியான இலக்கம்
அன் போன் தாஷா - பொருள் வாங்கும் கூப்பன்

"போன் என்றால் நல்ல" என்று மட்டும் மனனம் செய்தவர் பின்னிரண்டிலும் தவறுவார். தமிழில் "படி" என்பது படிக்கட்டா, அளவையா, ஏவலா என்பதை வாக்கியத்தைக் கொண்டே அறிகின்றோம். பிரெஞ்சிலும் அவ்வாறே. பின்வரும் மூன்று குறிப்புகளை ஒழுங்காகப் பாருங்கள்.

1. முன்வரும் சுட்டுச்சொல்
ஆண்பாலுக்கு "லு", பெண்பாலுக்கு "லா" வரும். பால் மாறினால் பொருளும் மாறலாம்.
லு லீவ்ர் - புத்தகம். லா லீவ்ர் - பவுண்
லு தூர் - சுற்று. லா தூர் - கோபுரம்
1903இல் தொடங்கிய சைக்கிளோட்டம் "லு தூர் த பிரான்ஸ்". 1889இல் திறக்கப்பட்ட ஈபிள் கோபுரம் "லா தூர் எஃபெல்".

2. அயற்சொல்
பால் ஒன்றாயின் முதற்குறிப்பு உதவாது. "அவொக்கா" என்பது சட்டத்தரணி, அவகாடோ பழம் ஆகிய இரண்டையும் குறிக்கும், இரண்டும் ஆண்பால். அருகில் "உண்" என்னும் வினை இருந்தால் பழம். வழக்கு, நீதிமன்றம் இருந்தால் சட்டத்தரணி. "பியேஸ்" என்பது அறை, நாணயம், ஆவணம் எனப் பொருள்படும். "பியேஸ் தீதாந்தித்தே" என்றால் அடையாள ஆவணம். பிரான்சிலுள்ள உறவினர் அனுப்பும் படிவத்தில் இதை அறை என்று கொண்டால் தேவையான ஆவணமே விடுபட்டுவிடும்.

3. எழுவாயும் செயப்படுபொருளும்
"வொலே" என்பதற்குப் பற, திருடு என இரு பொருள் உண்டு.
லுவாசோ வொல் - பறவை பறக்கின்றது. (செயப்படுபொருள் இல்லை)
இல் வொல் அன் ஸ்தீலோ - அவன் பேனாவைத் திருடுகின்றான். (செயப்படுபொருள் உண்டு)

பயிற்சி
"கிளாஸ்" என்னும் சொல்லின் பொருளைத் தருக.
(அ) எல் மோன்ஜ் யூன் கிளாஸ். (மோன்ஜ் - உண்கிறாள்)
(ஆ) எல் ஸ ரகார்த் தான் லா கிளாஸ். (ஸ ரகார்த் - தன்னைப் பார்க்கிறாள்)

விடை: (அ) ஐஸ்கிறீம் (ஆ) கண்ணாடி. இரண்டும் பெண்பால், வினையே பொருளைக் காட்டுகின்றது.

பரீட்சையில் சொல்லைக் கண்டவுடன் விடை எழுதாதீர்கள். வாக்கியத்தை முடிவுவரை வாசித்த பின்னரே பொருளைத் தீர்மானியுங்கள்.