பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

பணியிட மாறுதலில் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே பழைய மடிக்கணினி ஒன்று பெரும்பாலும் இருக்கும். முதலில் அப்பாவின் அலுவலகப் பணிக்காக வாங்கப்பட்டிருக்கும். பின்னர் அக்காவின் கல்லூரிப் படிப்புக்குப் பயன்பட்டிருக்கும். இப்போது உறைக்குள் உறங்கும். அதை இயக்கினால் திரை தெளியவே ஐந்து நிமிடம் ஆகிறது. ஒரு கோப்பைத் திறக்க முயன்றால் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘இதற்கு வயதாகிவிட்டது, பழைய பொருள் கடையில் போட்டுவிடலாம்’ என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். அம்முடிவு பல நேரங்களில் தவறானது.

கணினியின் செயலி மனிதரின் முழங்காலைப் போலத் தேய்வதில்லை. தூசி அடைத்து வெப்பம் மிகுந்தால் அதன் வேகம் குறையும்; தூய்மை செய்தால் அக்குறை நீங்கும். மற்றபடி, பத்தாண்டுகளுக்கு முன் அது செய்த வேலையை அதே வேகத்தில் இன்றும் செய்யும். மாறியிருப்பது அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையே ஆகும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்குக் குறைந்த அளவாக 64 எம்பி நினைவகம் போதுமானதாக இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 குறைந்தது 1 ஜிபி கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. இருபது ஆண்டுகளில் தேவை அறுபத்து நான்கு மடங்கு உயர்ந்துவிட்டது. 2 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி இந்த ஓட்டத்தில் பின்தங்குவது இயல்பே.

நினைவகம் குறைந்தால் கணினி ஏன் தடுமாறுகிறது? சமையலறையை எண்ணிப் பார்க்கலாம். அடுப்புக்கு அருகிலுள்ள மேடையில் கடுகு, உப்பு, எண்ணெய் ஆகியவை கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் சமையல் விரைந்து முடியும். மேடை சிறியது, பொருள்களோ மிகுதி என்றால் சிலவற்றைப் பரணில் ஏற்றிவைக்க வேண்டும். கடுகு வேண்டுமெனில் ஏணி வைத்து ஏறி, அதை எடுத்து, அதற்கு இடம் தர எண்ணெய்ப் புட்டியைப் பரணில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். அடுத்த நொடியே எண்ணெய் தேவைப்படும். நினைவகம் அந்த மேடை. வன்தட்டு அந்தப் பரண். நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் தரவுகளை வன்தட்டில் இறக்குவதும் மீண்டும் ஏற்றுவதுமாக அலைகிறது. சுழலும் வன்தட்டு நினைவகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. கணினியின் ஓரத்தில் சிறு விளக்கு ஓயாமல் மினுக்குவது இந்த ஏணி ஏற்றத்தின் அடையாளம்.

எனவே, மேடைக்கு ஏற்ற அளவில் பொருள்களைக் குறைப்பதே வழி. குறைவான நினைவகத்தில் இயங்கும் இயங்குதளங்களைக் கட்டற்ற மென்பொருள் உலகம் இலவசமாகத் தருகிறது. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் உட்கருவை எழுதி, அதன் மூல நிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசைந்தார். அவ்வுட்கருவைச் சுற்றிப் பலர் பலவகை இயங்குதளங்களை உருவாக்கினர். சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவான ‘பாஸ்’ அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இடம்பெற்றிருந்தது. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ அக்கணினியைக் கண்டிருக்கலாம்.

லினக்ஸ் என்றாலே இலேசானது என்று எண்ணிவிடக் கூடாது. திரையில் தோன்றும் சாளரங்களையும் பட்டியல்களையும் ஆளும் பகுதியான திரைச்சூழலே நினைவகத்தை மிகுதியாக உண்கிறது. க்னோம் என்னும் சூழல் அழகானது, ஆனால் பெரும்பசிக்காரன். எல்எக்ஸ்க்யூடி, எக்ஸ்எஃப்சிஇ ஆகியவை குறைவில் நிறைவு காண்பவை. லுபுண்டு என்னும் இயங்குதளம் எல்எக்ஸ்க்யூடியைக் கொண்டது. மிகப் பழைய கணினியாயின் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் செயலி 32 பிட் வகையாக இருந்தால் 64 பிட் இயங்குதளம் அதில் இயங்காது. லுபுண்டுவின் புதிய பதிப்புகள் 64 பிட்டுக்கு மட்டுமே வருகின்றன. டெபியனும் 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. பப்பி லினக்ஸ் வேறு வகையானது: அது முழுவதும் நினைவகத்திலேயே ஏறிக்கொண்டு வன்தட்டைத் தொடாமலே இயங்க வல்லது.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதில் தவறினால் பின்னர் வருந்திப் பயனில்லை. பழைய கணினியில் குடும்பத்தின் பல ஆண்டுகள் இருக்கும்: தம்பியின் காதுகுத்து விழாப் படங்கள், மறைந்த பாட்டியின் குரல் பதிவு, அக்காவின் சான்றிதழ்களின் நகல்கள். இவை அனைத்தையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அப்படிகள் மற்றொரு கணினியில் திறக்கின்றனவா என்றும் பார்த்த பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

இயங்குதளம் ஒரே பெரிய கோப்பாக அதன் அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்கும். அதைப் பென் டிரைவில் வெறுமனே படியெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற கருவியைக் கொண்டு எழுத வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும். பின்னர் அதைச் செருகிக் கணினியை இயக்கியதும், எஃப்12 அல்லது எஸ்கேப் போன்ற விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். விசை கணினிக்குக் கணினி வேறுபடும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தால், எதையும் நிறுவாமலே புதிய இயங்குதளத்தை முயன்று பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை இணைகிறதா, தொடுதளம் அசைகிறதா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். ஏதேனும் ஒன்று இயங்காவிடில் பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் போதும். பழைய நிலை அப்படியே இருக்கும்.

சோதனை நிறைவளித்தால் நிறுவலாம். ‘வட்டு முழுவதையும் அழி’ என்னும் வாய்ப்பு திரையில் வரும் இடத்தில் கையை எடுத்துவிட்டு ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அதன் பிறகு திரும்ப வழியில்லை. எஞ்சியவற்றை நிறுவியே பார்த்துக்கொள்ளும். அரைமணி நேரத்திற்கு மேலும் ஆகலாம்.

நிறுவிய பின் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ‘பக்கம்’ என்று எழுதக் ‘க’ விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். தட்டச்சு செய்வதற்குப் பழைய கணினியே போதுமானது. எழுத்துகள் விரலோடு விரலாகத் தோன்றும்.

உலாவியில்தான் கவனம் தேவை. இலேசான இயங்குதளம் மிச்சப்படுத்தும் நினைவகத்தை உலாவியின் நான்கைந்து தத்தல்கள் விழுங்கிவிடக் கூடும். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டைத் திறப்பதே இதற்கு மருந்து. காணொளித் திருத்தமும் பெரிய விளையாட்டுகளும் இக்கணினிக்கு ஆகா.

இவ்வளவும் செய்த பின் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கை தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. திரையின் மூலையிலுள்ள தேதியைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் உறங்கிய கணினியின் உள்ளே நேரத்தைக் காக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால், நாட்காட்டி பத்து இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே உலாவி அவற்றை ஏற்க மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். நாணய வடிவிலான அந்த மின்கலத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிட்டால் அடுத்த நாளும் தேதி மாறாமல் நிற்கும்.